கையால் பாடியது

குவைத்தில் இருக்கும் என் ராசாத்திக்கு,

உன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெரிய மனிதர் நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அன்னவாசல் பஜனைக் குழுவுக்கு ‘எல்லாரும் வரலாம்’ என்று பேனர் கட்டியவரே அவர்தான். அதை நம்பி, காது கேளாத நம் நிவேதாவை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். எப்போதும்போல நான் ஒவ்வொரு அடியாகப் பாட, குழு திருப்பிப் பாடியது. கூடவே சைகையிலும் காட்டினேன். அவள் கையாலேயே திருப்பிப் பாடினாள்.

பாதியில் உன் அண்ணன் குனிந்து, “மாப்ள, புள்ளய அங்கிட்டு பின்னால உக்கார வைங்க. சாமி முன்னாடி கைய ஆட்டிக்கிட்டிருந்தா பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

தாளமே பிடிக்கத் தெரியாதவருக்குச் சாமியின் மனசு மட்டும் தெரிந்துவிட்டது!

நிவேதா அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் பாடினேன். அடுத்த அடி தெரியாமல் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உன் அண்ணன் ஜால்ராவும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

அவரிடமா மன்னிப்பு? வருகிற வெள்ளிக்கிழமையும் நாங்கள் முன்வரிசையில்தான் உட்காருவோம்.

அன்று பாட்டு முடியும்வரை என்னோடு பாடியவள் நம் மகள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்