மெட்ராஸுக்கு ஒரு சூரியன்

சாந்தோம், சென்னை-4
14.6.1998

அன்பு மகன் ஜேக்கப்புக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மருமகள் லிசாவும் அங்கே சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ பார்சலில் அனுப்பிய சூரியன் பத்திரமாக வந்து சேர்ந்தது. கத்திரி முடிந்தும் வெந்துகொண்டிருக்கும் ஊருக்குச் சூரியனை அனுப்ப உனக்குத்தான் தோன்றும், அமெரிக்காவில் படித்த மூளை அல்லவா. மார்ச்சில் மாரடைப்பு வந்த மனிதர் திடுக்கிட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் எழுதியதும், மணி அடிக்காமல் அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் கூட்டி எழுப்பும் கடிகாரத்தைத் தேடி வாங்கியிருக்கிறாய், அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு உங்கள் ஊர் கரண்டுதான் வேண்டுமாம். அப்பா ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்தார். விளக்கு கையளவு, டிரான்ஸ்ஃபார்மர் அம்மிக்கல் கனம். இதயத்துக்கு நல்லது என்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார், நான் திட்டியதையெல்லாம் எழுதினால் இந்தத் தாள் போதாது.

கட்டில் பக்கம் இடமில்லாததால் விளக்கைத் தெருப்பக்க ஜன்னலில் வைத்தோம், தப்பு அங்கேதான். நம் தெருப் பழக்கம் உனக்கு மறந்திருக்கும். அடிபம்பில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, முதலில் பார்த்தவர் தன் வீட்டு ஜன்னல் விளக்கைப் போட வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் குடத்தோடு இறங்குவார்கள். திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்கு உன் சூரியன் உதித்தது. ஐந்துக்குள் பம்படியில் நாற்பது குடம், தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. எதிர்வீட்டு ஜமீலுன்னிசா நம் கதவை இடித்து, "இன்னாக்கா, லைட்ட போட்டுட்டு தூங்கிக்கினு கீறே, தண்ணி எங்கக்கா?" என்று கத்துகிறாள், பின்னால் மாடிவீட்டு அபயாம்பாள் காலிக் குடத்தைத் தட்டுகிறாள். தெருவே எழுந்தாயிற்று, மெதுவாக எழ வேண்டிய ஒரே ஆள் அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குடச் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தவர் மார்பில் கை வைத்துக் குனிந்தார், தோள் இரண்டும் குலுங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, மாத்திரை டப்பாவைத் தலைகீழாகத் திறந்து அத்தனையையும் கட்டிலில் கொட்டிவிட்டேன். பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அழுதுவிட்டேன், அதையும் பார்த்துச் சிரித்தார்.

இப்போது விளக்கு பீரோ மேல் இருக்கிறது, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாயிற்று. அப்பா அதற்கும் எழுவதில்லை, ஆறு மணிக் காப்பி வாசனைக்குத்தான் எழுகிறார். பின்னே எதற்கு அதை வைத்திருக்கிறாய் என்று கேட்பாய், சொல்கிறேன். மார்ச்சிலிருந்து எனக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பயம்தான், வேறென்ன. இருட்டில் அவர் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன், சில நாள் அவர் விழித்துக்கொண்டால் கொசு அடித்தேன் என்று சொல்லிவிடுவேன். இப்போது விரல் வைக்க வேண்டியதில்லை. வெளிச்சம் கூடக் கூட அவர் மார்பு ஏறி இறங்குவது படுத்தபடியே தெரிகிறது. பத்து நிமிஷம் பார்க்கிறேன், பிறகு ஒரு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறேன். ஆக, ஆளை எழுப்ப நீ டாலர் கொடுத்து வாங்கிய கடிகாரம் இங்கே உன் அம்மாவைத் தூங்க வைக்கிறது, கடைக்காரனிடம் சொல்லிவிடு.

லிசாவை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீ காரை மெதுவாக ஓட்டு. இருவரையும் மாதா காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மேலே எழுதியதை அப்பாவிடம் உளறிவைக்காதே. நான் இரவெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன் என்று நம்பித்தான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஃப்ளோரன்ஸ்