நீலமாகாத தட்டு

லீட்ஸ்
3.3.1984

அன்புள்ள சுலைகா அக்காவுக்கு,

நலம். குளிரும் அவித்த உருளைக்கிழங்கும் என்னைப் பாதியாக்கிவிட்டன. உங்கள் நெய்ச்சோற்றுக்கு நாக்கு ஏங்குகிறது.

அக்கா, ஓர் அவசரம். நான் கொண்டுவந்த கிருமிக் குழாய்கள் வழியிலேயே செத்துவிட்டன. நாலு வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த கிருமி, இப்போது கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் உங்கள் கையில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. கண்ணாடி கழுவும் வேலையோடு வாராவாரம் அதைப் புதுத் தட்டுக்கும் மாற்றுகிறீர்கள்தானே? உடனே ஒரு குழாய் அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

அன்புடன்,
கனகேஸ்வரி

கிள்ளான்
19.3.1984

அன்புள்ள மிஸ்ஸுக்கு சுலைகா எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சீனப் பெருநாளுக்கு முன்னால் தட்டில் புள்ளிகள் நோஞ்சானாகத் தெரிந்தன. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, நீங்கள் எழுதி வைத்த பால்சர்க்கரையோடு டப்பா குளுக்கோஸும் சேர்த்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் எப்போதும் வரும் நீலம் வரவில்லை. வாராவாரம் குளுக்கோஸ் சேர்த்தே மாற்றினேன்; மூன்று வாரமும் வெள்ளைதான். வேறு கிருமி புகுந்து உங்களுடையதைக் கொன்றுவிட்டது என்று பயந்து, எல்லாவற்றையும் வேகவைத்துக் கொட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் மிஸ்.

சுலைகா

லீட்ஸ்
2.4.1984

சுலைகா அக்கா,

நீங்கள் வேகவைக்கும்வரை அது சாகவில்லை. பால்சர்க்கரையைச் செரிக்கும் பொருளைச் செய்ய அதற்குள் ஒரு மரபணு இருக்கிறது. குளுக்கோஸ் இருக்கும்வரை கிருமி அந்த மரபணுவை மூடியே வைத்திருக்கும். சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும்போது எதற்கு வீண் உழைப்பு? குளுக்கோஸ் தீர்ந்து பால்சர்க்கரை மட்டும் மிஞ்சினால் திறந்துகொள்ளும். அப்போது உருவாகும் அந்தப் பொருள்தான் தட்டில் கலந்துள்ள சாயப்பொருளை நீலமாக்கும். குளுக்கோஸ் இல்லாத தட்டில் தேய்த்திருந்தால் மறுநாளே நீலம் வந்திருக்கும்.

என் நாலு வருஷத்தை உயிரோடு வேகவைத்துவிட்டீர்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

கனகேஸ்வரி

கிள்ளான்
20.4.1984

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

கேட்டேன் மிஸ். வேலைக்கு வந்த புதிதில் உங்களிடமே கேட்டேன், "தட்டு ஏன் மிஸ் நீலமாகுது?" என்று. "அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதுக்கா, மாத்தி மட்டும் வைங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை.

உங்கள் படிப்பை நினைத்து அழாத நாளில்லை. போன வாரம் வேலையை விட்டுவிட்டேன். இனி அந்தக் கட்டடத்துப் பக்கம் போக எனக்கு முகமில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறாவதோடு நின்ற எனக்கே முழுசாகப் புரிந்துவிட்டது மிஸ்.

சுலைகா