தாய்மாமன் மைக்கில் சொன்னது

தம்பி,

இன்று மதியம் சமையலறை ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று சட்டென்று உள்ளே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடி, கொடியில் கிடந்த துணிகளை வாரி எடுத்தேன். வானத்தில் பாதி இன்னும் வெயில்தான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பெலும் ஹுஜான் லா!" என்று சிரித்தார். இன்னும் மழையே வரவில்லையாம். வந்தது. அவர் துணிகள் நனைந்தன, என்னுடையவை நனையவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் காற்றைக் கவனிக்கிற ஆள் நான்தான்.

இடைநிலைப்பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்ததால், டீ ஆறுவதைக்கூட நீ சும்மா பார்க்க மாட்டாய். "அக்கா, வெயில் காத்தை நேரா சூடாக்கறது கொஞ்சம்தான். தரையைத்தான் முதல்ல சூடாக்குது. தரை காத்தைச் சூடாக்குது. சூடான காத்து ஆவியைத் தூக்கிட்டு மேல போகுது. அங்க ஆவி மேகமா மாறுறப்ப, உள்ள வச்சிருந்த சூட்டை வெளிய விட்டுடும். அந்தச் சூடு மேகத்தை இன்னும் மேல தள்ளும். அதான் சாயங்கால இடி." நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுவேன். நான் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்த மாட்டாய், தொல்லை பிடித்தவன்.

அந்த நம்பிக்கையில்தான் என் மகள் கல்யாணத்துக்கு நீ வாக்குக் கொடுத்தாய். நம் ஊர் செனாயில், பிறந்து வளர்ந்த வீட்டுக்கு எதிரே இருக்கும் திடலில் கூடாரம் போட்டுத் தாலி கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்குக் கோவில் மண்டபம் போதும். சம்பந்தியும் மண்டபத்தைத்தான் கேட்டார். நீ விடவில்லை. "காலையில முகூர்த்தம். தரைங்கிற அடுப்பையே பத்த வைக்காத நேரம், எப்படி லா மழை வரும்? தாய்மாமன் நான் பொறுப்பு." பக்கத்து வீட்டு அக்கா கூடாரக் காலடியில் ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி நட்டு வைத்தார், மழையைத் தடுக்க. "சம்பல் அரைக்க ஆகும்," என்று கிண்டல் செய்தாய். அன்று உன் விஞ்ஞானமும் அந்த மிளகாயும் சேர்ந்தே தோற்றன.

ஆனி மாதம். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஐயர் மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார். மேற்கே வானம் கறுத்திருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அந்தக் குளிர்ந்த காற்று வந்தது. வெக்கைக்கு விசிறிக்கொண்டிருந்தவர்கள் "அப்பாடா" என்றார்கள். உன் முகம் மட்டும் மாறியதை நான் பார்த்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் போய், நாதஸ்வரக்காரர் முன்னால் இருந்த மைக்கை எடுத்தாய்.

"நான் சொன்னது தப்பு. பெரிய காத்து வருது. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குள்ள போங்க, இப்பவே."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முகூர்த்த நேரத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், தாய்மாமன் தானே மைக் பிடித்துத் தப்பு என்கிறானே! "அலமாக், மானம் போச்சு," என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நீ எதையும் கேட்கவில்லை. கிழவர்களைக் கையைப் பிடித்து எழுப்பினாய், குழந்தைகளைத் தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்தாய். கடைசி ஆள் சாலையைத் தாண்டுவதற்குள் காற்று கூடாரத்தைப் பிடுங்கிவிட்டது. இரும்புக் கால்கள் நாற்காலிகள்மேல் விழுந்தன. அதன் பிறகுதான் மழையே வந்தது. என் மகளுக்கு நம் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் தாலி ஏறியது, எல்லோரும் சாரலில் நனைந்தபடி நெருக்கியடித்து நிற்க.

சாப்பாடு முடிந்து நீ ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"என்னடா இப்படிப் பண்ணிட்ட?"

"நான் நம்ம தரையை மட்டும் பாத்தேன் அக்கா. நமக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல கடல் இருக்குல்ல, அது ராத்திரியெல்லாம் சூட்டை வச்சிருக்கும். அங்கேயே மேகம் கட்டி, வரிசையா விடியக்காலையில இங்க வந்துடும். இந்த மாசத்துல வரும்னு பிள்ளைங்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன்."

"அப்ப அந்தக் குளிர்காத்து?"

"மழை விழறப்பவே கொஞ்சம் ஆவியாயிடும். அதுக்கு வேண்டிய சூட்டைச் சுத்தியிருக்கிற காத்துலேர்ந்து எடுத்துக்கும். குளுந்த காத்து கனம், கீழ கொட்டி, மழைக்கு முன்னாடியே ஓடி வந்துடும். அது வந்தா, வீட்டுக்குள்ள போயிடணும்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்! "வானிலை மாமா வந்தாச்சு, குடை எடுங்க" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். சம்பந்தி மட்டும் சிரித்ததில்லை. உன்னோடு முகம் கொடுத்தும் பேசியதில்லை. அவர் கோபம் தீராமலே நீ போய்விட்டாய் என்று நான் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பேரனைப் பார்க்க வந்தவர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே பேச்சை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, அன்னிக்கு நசுங்கின நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தேன். மண்டபம் வேணும்னு சொன்னேன், யாரும் கேக்கல, அந்தக் கடுப்புல இருந்தேன். அவர் வெறுமனே காத்து வருதுன்னு சொல்லியிருந்தா, போய்யான்னு அங்கேயே உக்காந்திருப்பேன். தப்புன்னு சொன்னாரு பாருங்க, அதான் எந்திரிச்சேன். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமலே நாளு போயிருச்சு."

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நம் வீட்டில் தப்பு என்று யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. அப்பா சொன்னதே இல்லை, நானும் அப்படித்தான். ஆவி, சூடு, கனம் என்று நீ சொன்ன காரணங்களில் பாதி எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் அன்று நீ முதலில் தப்பைச் சொன்னாய், காரணத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னாய். அந்த வரிசை எனக்குப் பிடிபட்டுவிட்டது, தம்பி. இப்போது மகளிடம் சண்டை போட்டாலும் அப்படித்தான் தொடங்குகிறேன்.