கனடா போன கிரைண்டர்

சொல்தா,

உன் மகள் செலின் வீட்டுச் சுவரில் பிளக் செருகும் இடம் எப்படி இருக்கும் என்பதை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் தன் போனை என் மேசைமேல் வைத்து, படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். பட்டையாக இரண்டு கீறல், அவற்றுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான். ஏழு வருடத்துக்கு முன் இந்தப் படத்தை யாராவது என்னிடம் காட்டியிருந்தால் நாம் இரண்டு பேரும் இதே ஊரில் முகம் திருப்பிக்கொண்டு திரிந்திருக்க வேண்டியதில்லை.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ உயிரோடு இருந்தபோது பேசாதவன் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது. ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. மற்றவர்கள் பாதியிலேயே "விடுங்க, போனவரைப் பத்தி எதுக்கு" என்பார்கள். நீ அப்படிச் செய்ய மாட்டாய். கடைசி வரை கேட்டுவிட்டு, அதன் பிறகு திட்டுவாய்.

நீ முதல்முறை என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவன் என்பதால் தெருவே உன்னைச் சொல்தா என்றது. பிரான்சின் தூலோனில் இருந்து கொண்டுவந்த மேசை விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய்.

"இது பிரெஞ்சு சாமான்யா. உனக்குப் பிடிபடுமா?"

"கம்பிக்குப் பிரெஞ்சும் தெரியாது, தமிழும் தெரியாது. வச்சிட்டுப் போ."

சிரித்துவிட்டாய். விளக்கு எரிந்த பிறகும் வந்துகொண்டிருந்தாய். கடையில் இருந்த ஒரே முக்காலி உன்னுடையதாகிப் போனது.

நான் எட்டாவதோடு மில்லுக்குப் போனவன். மோட்டார்மேல் அடித்திருக்கும் தகட்டை வைத்துத்தான் ஆங்கில எழுத்தே படித்தேன். மில் மூடிய பிறகு மோட்டார் வைண்டிங் கடை போட்டேன். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னாய். அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணியில் பிரான்சில் குடியேறிய நம் பாண்டிக்காரர்கள் விடுமுறைக்கு வருவார்கள். திரும்பிப் போகும்போது மிக்சி, கிரைண்டர் இல்லாமல் எந்தக் குடும்பமும் விமானம் ஏறாது. அவர்களை என் கடைக்குக் கூட்டிவந்தவன் நீதான். நம் ஊர் மூன்று பின் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு, பிரான்சில் செருகுகிற உருண்டைப் பின் பிளக்கை நான் மாட்டுவேன். நீ ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அந்தப் பிளக்குகளைப் பை நிறையக் கொண்டுவருவாய். கிரைண்டர் கல்லைத் தனியே கழற்றிப் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டுவோம். அங்கேயும் இங்கேயும் கரண்ட் ஒன்றுதான், பிளக்கை மாற்றினால் போதும். இருபது வருடத்துக்குமேல் இதையே செய்தோம். ஒரு சாமான்கூடக் கெட்டுப்போனதாகத் தகவல் வந்ததில்லை. அதுதான் நம் இரண்டு பேரையும் கெடுத்தது.

செலின் கல்யாணம் முடிந்த வாரம் நீ வந்தாய். முக்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாய். அவ்வளவு சந்தோஷம்.

"யோவ், பாப்பா தனிக்குடித்தனம் போவுது. நானும் வீட்டுக்காரியும் கூடவே போய் வச்சிட்டு வரப்போறோம். மிக்சி, கிரைண்டர் ரெண்டும் உன் கையால வேணும்."

"எந்த ஊரு?"

"மோன்றியால். கனடாவுல."

"கனடாவா? அங்க கரண்ட்டு எப்படி?"

"நம்ப ஊருதான்யா. தெருப் பலகையிலேர்ந்து ரொட்டிக் கடை வரைக்கும் எல்லாம் பிரெஞ்சுதான். எனக்குத் தெரியாத பிரெஞ்சு வீடா? எப்பவும் போடற பிளக்கையே போடு."

நான் கேட்டேன். நீ பதில் சொன்னாய். நான் பிளக்கை மாட்டினேன். கம்பிக்கு எந்த மொழியும் தெரியாது என்று உன்னிடம் வாய் கிழியப் பேசியவன், பிரெஞ்சு பேசுகிற ஊரில் பிரெஞ்சுக் கரண்ட்டுதான் ஓடும் என்று நம்பிவிட்டேன். ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன் என்பது உண்மை. கேட்கவே இல்லை என்பது உண்மையில்லை.

அங்கே நடந்ததை உன் வீட்டுக்காரம்மா பிறகு என் வீட்டில் வந்து சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரை இட்லிக்கு அழைத்திருந்தீர்கள். உருண்டைப் பின் சுவரில் ஏறவில்லை. அங்கேயாவது நீ நின்றிருக்கலாம். கடைக்குப் போய், இந்தப் பக்கம் உருண்டையும் அந்தப் பக்கம் பட்டையுமாக ஒரு சொருகி வாங்கிவந்து மாட்டினாய். அங்கே வருவது நம் வோல்ட்டில் பாதி. மோட்டார் உறுமியது, கல் அசையவில்லை. கையால் தள்ளிவிட்டுப் பார்த்தாய். அணைக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தாய். மோட்டாருக்குள் சுற்றியிருந்த கம்பி கருகிப் புகை வந்து, கூரையில் இருந்த மணி அலறி, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை குடித்தனமும் பனியில் இறங்கி நின்றதாம். உன் வீட்டுக்காரம்மா ரப்பர் செருப்போடு நின்றாராம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "பாண்டி சாமான் மாமா, பாண்டியிலதான் ஓடும்" என்றாராம்.

அந்தச் சிரிப்பை நீ பத்திரமாக மடித்து எடுத்துவந்து என் கடையில் இறக்கினாய். ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"படிச்சவன்கிட்ட வாங்கியிருக்கணும். உன்ன நம்பினேன் பாரு."

"கரண்ட்டு எப்படின்னு கேட்டனா இல்லியா?"

"நீ எங்க கேட்ட?"

"சொல்தா, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

"கேக்கல. தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லு, அதோட விட்டுடறேன்."

"செய்யாத தப்ப ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப இப்படியே இரு."

அப்படியே இருந்தேன். படிக்காதவன் என்று நீ சொன்னதைக்கூட ஆறு மாதத்தில் மறந்திருப்பேன். கேட்டவனைக் கேட்கவில்லை என்றாயே, அதுதான் இறங்கவில்லை. கடற்கரைச் சாலையில் நீ தெற்கே பார்த்து நடந்தால் நான் வடக்கே பார்த்து நடந்தேன். உன் வீட்டு ஃபிரிஜ் பழுதானபோது எங்கிருந்தோ ஒருவனைக் கூட்டிவந்தாய். அவன் சரியாகச் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தது. கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்காரம்மா கேக் கொடுத்தனுப்புவார், பொங்கலுக்கு என் வீட்டில் இருந்து கரும்பு போகும். நாம் இரண்டு பேர் மட்டும் பேசவில்லை.

போன மழையில் நீ பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஸ் ஏறி வந்தேன். இது உனக்குத் தெரியாது. வார்டு வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே நர்ஸிடம் கஞ்சி உப்பாக இருக்கிறது என்று நீ சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். குரல் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் தெம்பு இருக்கிறது, நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் நீ இல்லை. உன் அடக்கத்துக்கு வந்தவன் மாதா கோவிலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே வந்து உன் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம்.

செலின் ஊருக்கு வந்திருப்பது தன் அம்மாவைக் கனடாவுக்குக் கூடவே அழைத்துப்போக. உன் வீட்டுக்காரம்மா கிரைண்டர் இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். அதனால்தான் இந்த முறை படத்தோடு வந்தாள். நூற்று இருபது வோல்ட்டில் ஓடுவதைக் கோயம்புத்தூரில் செய்கிறார்கள், வரவழைத்துத் தருகிறேன் என்றேன். சரி என்றாள். போவாள் என்று பார்த்தால், உன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளும்மா."

"அந்தக் கிரைண்டர் வாங்கறப்ப நான் அப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். அங்க நூத்தி இருபது வோல்ட்டுப்பா, கடை மாமாகிட்ட சொல்லிடுன்னு. சரி சரின்னாரு. உங்ககிட்ட சொன்னாரா?"

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தேன்.

"சொல்லியிருக்க மாட்டாருன்னு அம்மா சொல்றாங்க. சொல்லாம விட்டுட்டு, அந்தப் பழிய உங்க மேல போட்டுட்டு, அப்படியே செத்தும் போயிட்டாரா? இங்க வந்ததுலேர்ந்து இதே நெனப்புதான் மாமா. படத்துல அவர் முகத்தப் பாத்தாகூடக் கோவம் வருது."

சொல்தா, உனக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சு வீட்டைப் பற்றி எனக்கே பாடமா என்று காதில் வாங்காமல் விட்டிருப்பாய். நான் கேட்டதை நீ மறுத்தாய், சரி. அவள் சொன்னதையும் அல்லவா முழுங்கியிருக்கிறாய்.

ஏழு வருடமாக எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. உன் மகளே வந்து சாட்சி சொல்கிறாள். ஒரு தலையாட்டல் போதும், நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அவள் எனக்குச் சாட்சி சொல்ல வந்தவள் இல்லை. இல்லை என்று நான் சொல்லிவிடக் கூடாதே என்று முக்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னாரும்மா" என்றேன்.

"நெஜமாவா?"

"சீட்டுல எழுதியே குடுத்தாரு. நாந்தான் அதப் பாக்காம, எப்பவும் மாட்டற பிளக்கையே மாட்டிட்டேன்."

அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் முகம் மாறியது. உன் கோபம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

"அப்ப அந்த ஒரு வார்த்தய அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. ஏழு வருஷம். வாசல்ல யாராவது வந்தா நீங்கதானோன்னு எட்டிப் பாப்பாராம்."

"திமிரும்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

அவள் போன பிறகு கடையை மூடவும் தோன்றவில்லை, வேலை செய்யவும் தோன்றவில்லை. வாசலை எட்டிப் பார்த்தாயாமே. இரண்டு தெரு தள்ளித்தானே நான் இருந்தேன், நீ வந்திருக்கக் கூடாதா? நானும்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று சொன்னது செலினுக்காகச் சொன்னது. உனக்காக இல்லை. உன்னிடம் நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கேட்டேன், நீ சொல்லவில்லை. அதில் மாற்றம் கிடையாது. நாளைக்கே நீ எழுந்து வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இனிமேல் தப்பு என்னுடையதுதான். இந்நேரம் உன் வீட்டில் பேசியிருப்பார்கள். தெருவுக்கும் வந்துவிடும். உண்மை தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர், அதில் ஒருவன் போய்விட்டான். மீதி இருப்பவன் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான்.

நாளைக்கு உன் வீட்டுக்காரம்மா கடைக்கு வருகிறாராம். கேட்காமல் விடமாட்டார். நாற்பது வருடம் உன்னோடு வாழ்ந்தவர், செலின் மாதிரி சுலபமாக நம்ப மாட்டார். அவருக்கு முன்னால் முகம் மாறாமல் நிற்க வேண்டும். அதனால் காலையில் இருந்து யாரும் இல்லாத நேரம் பார்த்து, "என் தப்புதான் தங்கச்சி" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாயில் சரியாக வரவில்லை.