ஒரு முட்டை

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று என் வீட்டுக்காரரை டிபி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலண்டரில் குறித்து வைத்து ஒரு நாள் தவறாமல் மாத்திரை கொடுத்தும் எடை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. வயிற்றில் பூச்சி இருக்கிறதாம். "திங்கிற கொஞ்சத்தையும் அது உறிஞ்சிருது. உடம்புல சத்தே இல்லன்னா மாத்திரை மட்டும் என்ன செய்யும்? முட்டை, மீனு குடுக்கீங்களா அக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

இவருக்குக் குணமாகும்வரை வீட்டில் கவிச்சி ஆக்குவதில்லை என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டவள் நான்.

அவர் முந்திக்கொண்டார். "அவ ஆக்கித்தான் தாரா. எனக்குத்தான் மீன் வாடையே ஒத்துக்கிட மாட்டேங்கு."

நர்ஸ் அவரைத் திட்டினாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பூச்சி மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தாள்.

வரும் வழியில் முட்டை வாங்கினேன். "ஏளா, நேர்ச்சை என்னாச்சு?" என்றார்.

"முருகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நீ விரதம் இருந்த, சரி. வயித்துல இருக்க பூச்சி விரதம் இருக்கலையேளா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவித்துக் கொடுத்தேன். கண்ணை மூடித் தின்றார். பிறகு மெதுவாக, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

வியாதியால் அவருக்குப் பசியே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

முருகனுக்குப் பயந்து ஒன்றுதான் வாங்கியிருந்தேன்.