மேல எங்க ஓரங்கட்டறது?

நீ திட்டி எழுதுன மாதிரி நான் ஒண்ணும் என்ர புள்ள பொழப்பக் கெடுக்கல சின்னாயி. உன்ர மூட்டுவலி எப்பிடி? என்னையத் திட்டறப்ப மட்டும் வலிக்காதே!

நம்ம மதிக்குக் காய்ச்சல். பிளேன் ஓட்டி ஓட்டித் தூக்கமே இல்ல. லீவு கேட்டா, கம்பெனி டாக்டர் "ஓட்டலாம்"ங்கறாராம். அதான் நானே அவ ஆபீசுக்கு போன் போட்டு, "மாத்து டிரைவர் அனுப்புங்க"ன்னேன். சிரிக்கறானுங்க. நான் லாரி ஓட்டறப்பத் தூக்கம் வந்தா ஓரங்கட்டிருவேன். மேல எங்க ஓரங்கட்டறது?

அவ தொப்பிய அரிசி டப்பால ஒளிச்சேன், கண்டுபுடிச்சுட்டா.

வேலூர் வெத்தல அனுப்பு. மும்பைல எனக்கு அதுதான் பேச்சுத்தொண.

இதுவரைக்கும் எழுதுனத அவளுக்குப் படிச்சுக் காட்டுனேன். "சாமி, இன்னிக்கு ஒருநாள் மட்டும் போகாம..."ன்னு ஆரம்பிச்சேன். "வாரேன்ப்பா"ன்னு இருமிக்கிட்டே படியெறங்கிட்டா.