நாற்பத்தோராம் பக்கத்து விடை

என் கண்ணே,

நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். "உங்க நோட்ஸ்தானேப்பா? நாற்பத்தோராம் பக்கத்துல 'மனிதன் ஒரே சிறுநீரகத்துடன் உயிர்வாழ முடியும், சரியா தவறா'ன்னு கேட்டு, 'சரி'ன்னு எழுத வச்சது நீங்கதானே?"

நுணலும் தன் வாயால் கெடும். உயிரியல் வாத்தியாரும் அப்படித்தான். தேர்வுக்குப் படிக்க வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதை ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது என் மகளின் வயிற்றில் கத்தி வைக்கும் என்று கண்டேனா? அந்த விடையை அடித்துவிடு. தவறு என்று எழுது.

உன் பிள்ளைக்கு இன்னும் ஒரு பால்பல்கூட விழவில்லை.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் தூக்கம். கால் வீங்குகிறதே என்று பெரிய செருப்பாக வாங்கிக்கொண்டேன்.

பொருத்தம் பார்க்க மருத்துவமனைக்கு வராதேம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். அந்த இயந்திரத்தோடு படுத்திருக்கையில், கதவு திறக்கும்போதெல்லாம் நீதானோ என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். நீ வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பா